தற்காப்புக் கலை வகுப்பில் நிறுத்தச் சொல்லித் தருகிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கராத்தேயும் சிலம்பமும் கற்றுக்கொண்டுதான் பையன்கள் பேருந்து நிறுத்தத்தில் கைகலக்கிறார்கள் என்பது ஒரு பேச்சு. ஒழுக்கம் வருவதே அதில்தான் என்பது இன்னொரு பேச்சு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இரண்டும் ஓய்வதில்லை. இக்கலைகளைக் கற்றுத்தருகிறவர்கள் என்ற முறையில் எங்களுக்குத் தோன்றுவது, இரு தரப்பும் கலையைப் பார்த்துப் பேசுகிறது, வகுப்பை எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான். அடியை ஓங்கச் சொல்லித்தர ஒரு வாரம் போதும். ஓங்கிய அடியைக் கடைசி விரற்கடையில் நிறுத்தச் சொல்லித்தர ஓராண்டுகூட ஆகும். அந்த ஓராண்டுப் பாடத்தைத் தவிர்த்துவிடும் வகுப்புதான் சண்டைக்காரனை உண்டாக்குகிறது.

சிலம்பத்தில் பழைய தொடுமுறை ஆட்டத்தைப் பாருங்கள். கம்பு நுனியில் சாந்தோ, குழைத்த திருநீறோ தடவிக்கொண்டு களத்தில் இறங்குவார்கள். எதிராளியின் உடம்பில் பொட்டு விழுந்தால் புள்ளி. புருவ மத்தியில் வைத்துவிட்டால் ஆட்டமே முடிந்தது. வீச்சு வேகத்தில் மூங்கில் நெற்றியில் இறங்கினால் மண்டை உடையும். பொட்டு மட்டும் விழ வேண்டுமானால் முன்காலை ஊன்றி, இடுப்பில் பிடித்து, மணிக்கட்டில் வேகத்தை உறிஞ்ச வேண்டும். கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் வாத்தியார்கள் காலடி வரிசையிலேயே மாதக்கணக்கில் நிற்க வைத்ததன் காரணம் இதுதான். உடல் எடை முன்னால் சாய்ந்துவிட்டால் ஆளைக் கம்பு இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

கராத்தேயிலும் அப்படித்தான். ஆரம்ப மாணவர்களுக்கான ஹெய்யான் கட்டாக்கள் (தனியாளாகச் செய்யும் அசைவு வரிசைகள்) ஐந்துமே தடுப்பில்தான் தொடங்குகின்றன. குத்தை நிறுத்தப் பழக ஒரு முழ நூலும் ஒரு துண்டுத் தாளும் போதும். தாளை முக உயரத்தில் தொங்கவிட்டு முழு வேகத்தில் குத்த வேண்டும். தாளில் கை படக் கூடாது. முதல் மாதம் பத்துக்கு எட்டு தடவை தாள் எகிறும். முழங்கையைப் பூட்டி நிறுத்தப் பார்ப்பார்கள், மூட்டு வலிக்கும். இடுப்புத் திருப்பத்தை முடிக்கும் இடத்தில் குத்தும் முடிய வேண்டும் என்று உடம்புக்கு உறைத்த பிறகுதான் எதிரில் ஆளை நிறுத்தலாம். இதைச் செய்யாமல் மூன்றாவது வாரமே ஜோடி போட்டு மோதவிடும் இடங்கள் உண்டு. மூக்கில் பட்டவன் திருப்பிக் கொடுப்பான். அதற்குப் பெயர் பயிற்சி!

இடத்தின் கணக்கையும் சொல்ல வேண்டும். கம்பு ஆடுகிறவரின் நெற்றி உயரம் இருக்கும். உயர்நிலைப் பள்ளி மாணவருக்குக் கிட்டத்தட்ட 5 அடி. நீட்டிய கை 2 அடி. கம்பின் அடியைப் பிடித்து வீசினால் சுற்றிலும் 7 அடி வேண்டும். ஆக, இரு பிள்ளைகளுக்கு நடுவே 14 அடி. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள கூடைப்பந்து மைதானத்தில் வரிசைக்கு 6 பேராக 3 வரிசை, 18 பேர்தான் நிற்க முடியும். அதே மைதானத்தில் 60 பேரை நிறுத்தி ஒரே வாத்தியார் விசில் ஊதினால் கம்போடு கம்பு மோதாமல் என்ன செய்யும்? மோதினால் முறைப்பு, முறைப்புக்குப் பின் வாசலில் சண்டை. பழியோ சிலம்பத்தின் தலையில். கணுவுக்குக் கணு விரலை ஓட்டி விரிசல் பார்க்காமல் கம்பைக் கொடுப்பது இன்னொரு தவறு. சிம்பு தெறித்துக் கண்ணில் போகும்.

2021-இல் அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது நல்ல செய்திதான். ஆனால் சான்றிதழுக்கு மதிப்பு கூடியதும் அதை விற்கிறவர்களும் கூடினார்கள். பணம் கட்டினால் ‘உலக சாதனை’. நாலு மணி நேரம் வெயிலில் கம்பு சுற்றிய எட்டு வயதுக் குழந்தையின் கையில் ஒரு கேடயம், உள்ளங்கையில் கொப்புளம். மேடையில் ஓடு உடைப்பது, முதுகில் டியூப்லைட் உடைப்பது, கைமேல் பைக் ஏற்றுவது எல்லாம் வித்தை காட்டல். டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. வளரும் பிள்ளையின் விரல் எலும்பு முனையில் குருத்தெலும்பு இன்னும் இறுகியிருக்காது. ஓட்டைக் குத்தி அது சேதமானால் விரல் கோணலாகவே வளரக்கூடும். ஒன்றரை ஆண்டில் கறுப்புப் பட்டை என்று விளம்பரம் பார்த்தால் தள்ளிப் போய்விடுங்கள்.

தாமதமாக வந்தவனைப் பிரம்பால் விளாசுவதையும், அடங்காதவனைப் பெரிய மாணவனிடம் விட்டு அடி வாங்க வைப்பதையும் கண்டிப்பு என்று சிலர் நம்புகிறார்கள். பலசாலி அடிக்கலாம் என்ற பாடம் அங்கேதான் நடக்கிறது.

வெளிநாட்டு ஆய்வுகளும் இரண்டு பக்கமும் பேசுகின்றன. அமெரிக்காவில் மைக்கேல் ட்ரல்சன் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் வழிதவறிய பதின்வயதினர் 34 பேர் மூன்று குழுக்களாக ஆறு மாதம் பயிற்சி பெற்றனர். தியானமும் கட்டா போன்ற வரிசைப் பயிற்சியும் நெறியும் சேர்த்து, கொரியக் கலையான டேக்வாண்டோ கற்ற குழுவில் முரட்டுத்தனம் குறைந்தது. சண்டை உத்தி மட்டும் கற்ற குழுவில் கூடியது. நார்வேயில் எண்ட்ரெசென், ஓல்வியஸ் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்விலோ குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கீழை நாட்டுச் சண்டைக் கலைகளில் இறங்கிய சிறுவர்களிடம் தகாத நடத்தை கூடியிருந்தது. 34 பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் எந்தக் கலை என்பதைவிட எப்படி நடத்தினார்கள் என்று பார்த்த ட்ரல்சன் ஆய்வையே நாங்கள் பெரிதாக எண்ணுகிறோம்.

அரசுப் பள்ளி மாணவிகளுக்குச் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் நடக்கும் 3 மாதத் தற்காப்புப் பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மாதத்தில் குத்தும் உதையும் ஏறாது. ஏறியதாக நம்ப வைப்பது ஆபத்து. ஏறக்கூடியவை வேறு. மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவனின் பெருவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடத்தை நோக்கித் திருகி, முழங்கையை மடக்கி இழுத்தால் பிடி விடும். பின்னாலிருந்து கட்டிப் பிடித்தால் உடம்பைத் தாழ்த்திக் காலை அகட்டி, அவன் கால் விரல்களை மிதிக்கலாம். அடிவயிற்றிலிருந்து கத்துவதற்கும் பயிற்சி வேண்டும். முதல் நாள் பாதிப் பேருக்குக் குரலே எழும்பாது. அப்புறம் ஓட்டம். இளவயதுத் திருமணம் இன்னும் ஓயாத நம் மாவட்டங்களில் பெண் பிள்ளை ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியது பெரும்பாலும் இருட்டில் வரும் அந்நியனிடம் அல்ல, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் உறவினரிடம். அங்கே குத்து உதவாது. 1098 (குழந்தைகள் உதவி எண்), 181 (பெண்கள் உதவி எண்) என்ற தொலைபேசி எண்கள் உதவும். குத்துப் பாடத்தில் ஒரு வாரத்தைக் கழித்து இவற்றுக்குக் கொடுக்கச் சொல்லித் தலைமையாசிரியர்கள் பயிற்சியாளரிடம் முதல் நாளே கேட்கலாம்.

இப்படிக்கு,
சிலம்பம், கராத்தே பயிற்சியாளர்கள் சிலர்,
காரிமங்கலம், தர்மபுரி மாவட்டம்.