டிரம்லின் படத்தில் திசை மாறிவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த பனியாறுகள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மலையைக் குடைந்து பள்ளத்தாக்கு உண்டாகும் விதத்தைக் கட்டுரையாளர் அருமையாக விளக்கியிருந்தார். ஆனால் டிரம்லின் படம் திசைமாறி அச்சாகியிருக்கிறது. புவியியல் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் அதை அப்படியே விட மனம் வரவில்லை.

டிரம்லின் என்பது பனியாற்றின் அடியில் உருவாகும், கரண்டியைக் கவிழ்த்து வைத்தது போன்ற குன்று. மழுங்கிய, செங்குத்தான முனை பனி வந்த பக்கம் இருக்கும். பனி போன பக்கம் வால் போல மெலிந்து சரியும். உங்கள் படத்தில் இது தலைகீழ். பனி செதுக்கிய பாறை மேடுகளில்தான் வந்த பக்கம் வழவழப்பான சரிவாகவும், போன பக்கம் கல் பெயர்ந்து செங்குத்தாகவும் இருக்கும். மாணவர்கள் வழக்கமாகக் குழம்புகிற இடமே இதுதான்.

இன்னொரு வருத்தமும் உண்டு. அரிப்புக்கு நான்கு பக்கம் கொடுத்த கட்டுரை, பனி விட்டுச்செல்லும் படிவுகளை ஒரே பத்தியில் முடித்துவிட்டது. அவற்றுக்குச் சொல்ல நல்ல உதாரணங்கள் உண்டு. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நீளவாக்கில் ஓடும் மேடுகள் மொரைன்கள், அதாவது பனி சுமந்துவந்த கல்லும் மண்ணும் அதன் விளிம்பில் குவிந்தவை. 1775-இல் நடந்த போரால் பெயர்பெற்ற பாஸ்டனின் பங்கர் குன்று ஒரு டிரம்லின். அயர்லாந்தின் கிளூ விரிகுடாவில் கடல் பாதி மூழ்கடித்த டிரம்லின்கள் தீவுக்கூட்டமாக நிற்கின்றன.

பனி நேரடியாகப் போட்ட மண்ணை வெட்டிப் பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும். மாவு போன்ற களிமண்ணுக்குள் கூழாங்கல்லும் பெரும் பாறையும் அடுக்கே இல்லாமல் புதைந்து கிடக்கும். ஒரு கல்லை எடுத்துக் கழுவினால், ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, மேலே கீறல்கள் ஓடும். ஓடும் தண்ணீர் அப்படிப் போடாது. வேகம் குறையக் குறைய, கனமானதை முதலில் விட்டு, மணலை அப்புறம் விடும். பனிக்கு அடியில் சுரங்கம் போலப் பாய்ந்த உருகுநீர் விட்டுச்சென்ற எஸ்கர் என்னும் நீண்ட மேடுகளில் மணலும் சரளையும் அடுக்கடுக்காக இருப்பது அதனால்தான். ஃபின்லாந்தில் ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிய கரையாக நீளும் புன்காஹார்யு அப்படிப்பட்ட ஒன்று.

அடுத்த இதழில் படத்தைத் திருத்தி, பனி நகர்ந்த திசைக்கு ஓர் அம்புக்குறியும் போட்டு வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியை