ரெகே கேட்ட ஆண்டு: இசை மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் மன்றம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்குழு எடுத்த முடிவின்படி இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களை ஜமைக்காவின் ரெகே இசைக்கே ஒதுக்கினோம். அநீதியை எதிர்த்து அந்த இசை எப்படிக் குரல் கொடுத்தது, அதனால் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் நோக்கம். "வருஷம் முழுக்க பாப் மார்லியா?" என்று சிலர் கேட்டார்கள். ரெகேயை உலகறியச் செய்த பாடகரான மார்லியிடம் வந்து சேரவே சில மாதங்கள் ஆயின. அப்படி நிதானமாக வந்ததால்தான் அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பது நமக்குப் புரிந்தது.

முதலில் இரங்கல். ஜமைக்காவின் ரெகே பாடகர் ஜிம்மி கிளிஃப் 2025 நவம்பர் 24 அன்று, 81ஆம் வயதில் காலமானார். பாடிப் பிழைக்கலாம் என்று தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்து, இசைத்தட்டு முதலாளியிடம் ஏமாந்து, கடைசியில் துப்பாக்கியைத் தூக்கும் நாட்டுப்புற இளைஞனாக, 1972இல் வந்த 'தி ஹார்டர் தே கம்' படத்தில் அவர் நடித்தார். ஜமைக்காவுக்கு வெளியே பலர் ரெகேயை முதன்முதலில் கேட்டது அந்தப் படத்தில்தான். டிசம்பர் கூட்டத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். அப்புறம் வியட்நாம் போரைப் பற்றிய அவருடைய பாட்டைக் கேட்டோம். சீக்கிரம் வீடு திரும்புவேன் என்று போர்முனையிலிருந்து நண்பன் கடிதம் எழுதுகிறான். மறுநாளே அவன் தாய்க்குத் தந்தி வருகிறது. அவ்வளவுதான் கதை. அன்று பாட்டு முடிந்த பிறகு உடனே யாரும் பேசவில்லை.

கூட்டங்களுக்குப் பெரிய ஸ்பீக்கர்களை வாடகைக்கு எடுத்த செலவு பற்றிச் செயற்குழுவில் கேள்வி வந்தது. ரெகேயில் பாஸ் கிட்டார் கேட்கவில்லை என்றால் பாட்டில் பாதி இல்லை. இந்த இசை வளர்ந்ததே தெருவில்தான். 1950களில் கிங்ஸ்டனின் ஏழைக் குடும்பங்களிடம் இசைத்தட்டுப் பெட்டி வாங்கக் காசில்லை. வானொலியிலும் அவர்கள் விரும்பிய பாட்டு அதிகம் வராது. காக்ஸன் டாட், டியூக் ரீட் போன்றவர்கள், நம் ஊரில் திருவிழாவுக்கு மைக்செட் கட்டுவது போல, பெரிய பெரிய பெட்டிகளைத் தெருவில் அடுக்கிப் பாட்டுப் போட்டார்கள். பிறகு அவர்களே ஒலிப்பதிவுக் கூடமும் வைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 6 அன்று நாடு விடுதலை பெற்றபோது ஓங்கி ஒலித்தது ஸ்கா என்ற துள்ளலான இசை. வேலையும் வீடும் வரும் என்று நம்பியவர்களுக்கு இரண்டும் வரவில்லை. தாளம் மெல்ல மெல்ல வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆனது, 1968 வாக்கில் ரெகே ஆனது. பாட்டின் பொருளும் அந்த ஆண்டுகளில் கனத்துவிட்டது.

எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைத் தெய்வமாகப் போற்றும் ஜமைக்காவின் ராஸ்தஃபாரி (ராஸ்தா) சமய மக்களைப் பற்றிய கூட்டம்தான் என்னை மிகவும் பாதித்தது. 1963 ஏப்ரலில், மாண்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த ஒரு வன்முறையைக் காரணம் காட்டி, அதில் தொடர்பே இல்லாத ராஸ்தாக்களையும் போலீஸ் பிடித்து அடைத்தது, அடித்தது, சடைமுடியை வெட்டியது. உயிர்களும் போயின. அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது 2017இல். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மக்களின் வேதனைக்கு அரசுப் பதிவேட்டில் இடமில்லை, பாட்டில் இருந்தது. 1975இல் பர்னிங் ஸ்பியர் என்ற ரெகே பாடகர், கறுப்பின விடுதலைக்கு உழைத்த மார்கஸ் கார்வியின் பெயரிலேயே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். இருவரும் செயின்ட் ஆன்ஸ் பே என்ற ஒரே ஊரில் பிறந்தவர்கள். சொந்த ஊர்க்காரரையே மறந்துவிட்டீர்களே என்று பர்னிங் ஸ்பியர் கேட்பதில் கோபத்தைவிட ஆற்றாமைதான் அதிகம் என்று எனக்குப் பட்டது.

மார்லியின் 'வார்' பாட்டைக் கேட்பதற்கு முன், எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி 1963 அக்டோபர் 4 அன்று ஐ.நா. சபையில் ஆற்றிய உரையின் பகுதியைத் தமிழில் படித்துக் காட்டினோம். ஓர் இனம் உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்ற எண்ணம் ஒழியும்வரை உலகில் அமைதி வராது என்பதே அந்தப் பகுதியின் சாரம். ஏறக்குறைய அதே சொற்களை மார்லி 1976இல் பாட்டாக்கினார். உரையாகப் படித்தபோது தலையாட்டியவர்கள், பாட்டாக வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இந்த ஆண்டின் பெரிய விவாதத்தைக் கிளப்பியவர் நம் மூத்த உறுப்பினர் ஒருவர். "பாட்டுப் பாடி எந்த ஆட்சி மாறியிருக்கிறது, தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. ஜமைக்காவின் 1972 தேர்தலில் மைக்கேல் மேன்லி என்ற கட்சித் தலைவர், பாடகர் டெல்ராய் வில்சனின் 'பெட்டர் மஸ்ட் கம்' பாட்டைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தி வென்றதைச் சொன்னேன். "அது கட்சி பாட்டைப் பயன்படுத்திக்கொண்ட கதை" என்றார். ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1976 டிசம்பர் 3 அன்று, தேர்தலுக்குச் சில நாள் முன்பு, மார்லியின் வீட்டில் புகுந்து சுட்டார்கள். இரண்டு நாள் கழித்து, காயத்தோடு அவர் மேடையேறினார். 1978 ஏப்ரல் 22 அமைதிக் கச்சேரியில் பிரதமர் மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்து, இருவர் கைகளையும் தன் தலைக்கு மேல் சேர்த்துப் பிடித்தார். அந்தப் படம் உலகெங்கும் போனது. ஆனால் 1980 தேர்தல் ஆண்டில் ஏறத்தாழ 800 பேர் கொல்லப்பட்டார்கள். கைகோத்த தலைவர்களின் கட்சிக்காரர்களே ஒருவரையொருவர் சுட்டார்கள்.

அதே 1978 மேடையில், மார்லியின் பழைய குழுவில் கூடப் பாடிய பீட்டர் டோஷ் செய்ததைப் பலர் பேசுவதில்லை. தலைவர்கள் முன்வரிசையில் இருக்க, ஏழைகளைப் போலீஸ் நடத்தும் விதத்தைப் பாட்டுக்கு நடுவே நேருக்கு நேர் கேட்டார். சில மாதங்களில் போலீஸ் அவரைப் பிடித்துக் கடுமையாக அடித்தது. கைகளைச் சேர்த்து வைத்த மார்லியின் படத்தோடு, டோஷின் அந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் அந்த இரவை நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நாடு கடந்து போன ரெகேக்கு ஒதுக்கிய கூட்டங்களில், 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை விழாவில் மார்லி பாடியதைச் சுருக்கமாகப் பார்த்தோம். இங்கிலாந்துக்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. சந்தேகப்பட்டாலே ஒருவரைப் பிடிக்கலாம் என்ற 1824ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து, கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் அலைக்கழித்த காலம் அது. அங்கே வாழ்ந்த ஜமைக்காக் கவிஞர் லிண்டன் குவேசி ஜான்சன், சிறையிலிருந்து ஒரு மகன் தாய்க்கு எழுதும் கடிதமாக 1979இல் ஒரு பாட்டை வெளியிட்டார். பலரின் போராட்டத்தால் 1981இல் அந்தச் சட்டப் பிரிவு ஒழிந்தது.

1979 ஏப்ரல் 23 அன்று, இந்தியர்கள் நிறைய வாழும் லண்டன் சவுத்ஹாலில், இனவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட்டின் கூட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். அங்கே பிளேர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அவ்வூர் ரெகே குழுவான மிஸ்டி இன் ரூட்ஸின் மேலாளரும் மண்டை உடைந்து நினைவிழந்து கிடந்தார். பீச்சைப் பற்றிய ஜான்சனின் பாட்டு 1980இல் வந்தது. பீச்சை அடித்தது பெரும்பாலும் ஒரு போலீஸ்காரராகவே இருக்கும் என்று சொன்ன போலீஸின் உள்விசாரணை அறிக்கை 2010இல்தான் வெளியே வந்தது. நம் மூத்தவரின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இந்த முப்பது ஆண்டு இடைவெளிதான். அரசு பூட்டி வைத்ததைப் பாட்டு தெருவில் வைத்திருந்தது. இதை அவரிடம் சொன்னேன். முழுதாக ஏற்கவில்லை, ஆனால் அடுத்த கூட்டத்துக்குத் தன் பேரனையும் கூட்டிவந்தார்.

நம்மவர்களும் வாழும் மொரீஷியஸில், அவ்வூர் சேகா இசையையும் ரெகேயையும் இணைத்துப் பாடிய கயா, 1999 பிப்ரவரியில் போலீஸ் காவலில் இறந்ததையும், அதைத் தொடர்ந்து நாட்டில் வெடித்த கலவரத்தையும் பேசினோம்.

பிப்ரவரிக் கூட்டத்தை நம் பெண் உறுப்பினர்கள் நடத்தினார்கள். விடுதலை பாடும் ரெகேயில் பெண்கள் எங்கே என்பது அவர்கள் கேள்வி. மார்லிக்குப் பின்னணி பாடிய ஜூடி மோவட், தானே தயாரித்த 'பிளாக் வுமன்' இசைத்தட்டைப் போட்டுக் கேட்டோம். ரெகேயின் வழிவந்த டான்ஸ்ஹால் என்ற இசைவகையில் ஒருபால் ஈர்ப்பாளர்களைக் கொல்லத் தூண்டும் பாட்டுகளும் வந்தன என்பதை அவர்கள் மறைக்காமல் பேசினார்கள். ஒடுக்கப்பட்டவர் இசை என்பதற்காக அதை மன்னிக்க என்னால் முடியவில்லை. 2018 நவம்பரில் யுனெஸ்கோ ரெகேயை மனிதகுலப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அந்தப் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மற்றவை: கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இந்த மாதத்துக்குள் கட்டிவிட வேண்டுகிறேன். அரங்கு கொடுத்த நூலகத்தாருக்கும், குறைந்த வாடகைக்கு ஸ்பீக்கர் கொடுத்து, கூட்டம் முடியும்வரை கூடவே உட்கார்ந்து கேட்ட மைக்செட் நண்பருக்கும் மன்றத்தின் நன்றி. வரும் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ரெகே பாடகர் லக்கி டூபேயில் தொடங்கி, ஆப்பிரிக்க ரெகேயைக் கேட்கலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. இந்த அறிக்கையையும் அந்த முன்மொழிவையும் பொதுக்குழு ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்