ஆடிக்குள் விதை கிடைக்க முகவரியை முழுதாக எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து நாட்டுக் காய்கறி விதைகளைத் தபாலில் அனுப்பி வருகிறேன். ஆனி பிறந்துவிட்டாலே வாட்சப்பில் ஆர்டர் வரத் தொடங்கிவிடும். அவரை, புடலை, பீர்க்கு, சுரை, வெண்டை என்று கேட்பார்கள். ஆடிப்பட்டத்துக்குள் விதை கைக்கு வந்துவிட வேண்டும் என்று எல்லோருமே அவசரப்படுகிறார்கள். அது நியாயம்தான். நம் பழைய கொடி அவரை பலவும் பகல் குறைந்து பனி இறங்கும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினால்தான் அதற்குள் கொடி பந்தலேறிப் பரவியிருக்கும். புரட்டாசியில் கிடைத்த விதையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த ஆடி வரை டப்பாவில் போட்டு வைக்க வேண்டியதுதான். அதற்குள் முளைப்புத்திறனும் குறைந்துவிடும்.

விதை தாமதமானால் உடனே தபால்காரரைத் திட்டுகிறார்கள். ஆனால் என் அனுபவத்தில், திரும்பி வந்த கவர்களில் பெரும்பாலானவற்றில் குறை முகவரியில்தான் இருந்தது. இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. பணம் கட்டிவிட்டு நம்பிக்கையோடு காத்திருப்பவர்களுக்குப் பட்டம் தவறிப்போகிறதே என்ற வருத்தத்தில் எழுதுகிறேன்.

திருப்பத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கை மாவட்டத்தில் ஒன்று இருக்கிறது, அதன் பின்கோடு 630211. வேலூரிலிருந்து 2019இல் பிரிந்து மாவட்டத் தலைநகரான திருப்பத்தூர் இன்னொன்று, அதற்கு 635601. சிவகங்கைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் மாவட்டத்தை எழுதாமல் ஊர்ப் பெயரை மட்டும் எழுதி, போனில் தேடியபோது முதலில் வந்த 635601ஐப் போட்டு அனுப்பிவிட்டார். விதை ஜோலார்பேட்டைப் பக்கம் போய், அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று என்னிடமே திரும்பி வந்தபோது ஆடி முடிந்திருந்தது. அண்ணா நகர் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. காந்தி நகரும் புதூரும் இல்லாத தாலுகாவைத் தேடத்தான் வேண்டும். ஒரே பெயரில் பல ஊர்கள், ஆளுக்கொரு மொழியில் எழுதும் முகவரிகள் என்ற இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி பின்கோடு முறையே வந்தது.

பின்கோடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதை யாரும் அலட்சியமாக எழுத மாட்டார்கள். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், லட்சத்தீவு. முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் பகுதியைக் காட்டும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும். கவுன்ட்டரில் ஊழியர் அந்த எண்ணைக் கணினியில் தட்டியதும் போக வேண்டிய அஞ்சலகம் முடிவாகிவிடுகிறது. ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் மூட்டை மூட்டையாகத் தபால் பிரிப்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பை மாற்றுகிறார்கள். 624 என்றால் எங்கள் திண்டுக்கல் பக்கம், 642 என்றால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். இரண்டு இலக்கம் இடம் மாறினால், தெருப் பெயரை எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் கவர் வேறு ஊருக்குப் போய்விடும்.

சரி, பின்கோடு மட்டும் போதுமா என்றால் கிராமத்துக்குப் போதாது. ஒரு துணை அஞ்சலகத்தின் பின்கோடுதான் அதன் கீழுள்ள கிளை அஞ்சலகங்கள் எல்லாவற்றுக்கும். அதனால் ஊர்ப் பெயரோடு ‘இன்ன அஞ்சல், இன்ன ஊர் வழி’ என்று பழைய ஆட்கள் எழுதுவார்களே, அதை அவசியம் எழுத வேண்டும். கதவு எண் 3/127 என்றால் நடுவில் இருக்கும் சாய்கோட்டை விட்டுவிடக் கூடாது. 3127 என்று ஒரு வீடு அந்த ஊரில் இருக்காது. பெயரை இனிஷியலோடு எழுதுங்கள். ஒரே தெருவில் நாலு முருகன் இருப்பார்கள். வாட்சப்பில் வைத்திருக்கும் செல்லப்பெயர் தபால்காரருக்குத் தெரியாது. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரர் பெயரை மே/பா (மேற்பார்வை) போட்டு எழுதினால் தேடும் வேலை மிச்சம்.

இப்போது பலர் முகவரிக்குப் பதிலாகக் கூகுள் லொகேஷனை அனுப்பிவிடுகிறார்கள். பைக்கில் சாப்பாடு கொண்டு வருபவருக்கு அது போதும், கவரின் மேல் அதை எப்படி எழுதுவது? அஞ்சல் துறையே 2025இல் டிஜிபின் என்று பத்து எழுத்தில் ஒரு குறியீட்டைக் கொண்டு வந்திருக்கிறது. ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமாக இடத்தைக் காட்டும் நல்ல ஏற்பாடு அது. ஆனாலும் எழுத்தில் முகவரியும் பின்கோடும் இருந்தே ஆக வேண்டும். அப்புறம் கைபேசி எண். வீடு தெரியாவிட்டால் தபால்காரர் முதலில் அதில்தான் கூப்பிடுகிறார். புது எண்ணாக இருக்கிறதே என்று எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். வீடு பூட்டியிருந்தாலும் அஞ்சலகத்தில் சில நாள் வைத்திருப்பார்கள். நாங்கள் அனுப்பும் எழுத்தும் எண்ணுமாகப் பதின்மூன்று இடங்கள் கொண்ட டிராக்கிங் எண்ணைக் காட்டி விசாரித்தால் விதை திரும்பிப் போகாமல் தடுத்துவிடலாம்.

என்னைப் போல அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெறுநர் முகவரியைப் பெரிதாக எழுதுங்கள், அனுப்புநர் முகவரியை இடது ஓரத்தில் சிறிதாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் கவர் நம் ஊருக்கே திரும்பும் ஆபத்து உண்டு. மழையில் கரையும் மையில் எழுதாதீர்கள், எழுதியதன் மேல் ஒட்டுநாடா ஒட்டுங்கள். தமிழ்நாட்டுக்குள் தமிழ் முகவரியே தாராளமாகப் போகிறது. பெங்களூருவுக்கும் மும்பைக்கும் ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லி, உறைமேல் முகவரிக்கு மதிப்பெண்ணும் போடுகிறார்கள். அங்கே பிள்ளைகள் கற்பனை முகவரி எழுதுவதைவிட, தங்கள் வீட்டு முகவரியை அஞ்சலகப் பெயரோடும் பின்கோடோடும் ஒரு முறையாவது எழுதிப் பழக ஆசிரியர்கள் உதவ வேண்டும். கிளை அஞ்சலகம் உள்ள ஒவ்வொரு ஊரிலும் பேருந்து நிறுத்தத்தில் ஊர்ப் பெயருக்குக் கீழே பின்கோடையும் எழுதி வைக்க ஊராட்சிகள் முன்வரலாம், பெரிய செலவு ஆகாது.

தங்கள் நாளிதழிலும் ஒவ்வோர் ஆண்டும் ஆனி மாதத்தில் ஒரு நாள், கிராமத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என இரண்டு மாதிரி முகவரிகளைக் கட்டம் கட்டி வெளியிட்டால் உதவியாக இருக்கும். ஆர்டர் கேட்கும் ஒவ்வொருவருக்கும் அதைப் படம் எடுத்து அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
நாட்டு விதை அனுப்பும் வாசகி,
ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.