ஐஸ் பெரியப்பாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

இன்று காலை 11 மணிக்கு என்னவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தார். மாடிப்படி ஏற அரை மணி நேரம் பிடித்தது. ஆனால் தன் காலால் ஏறினார். இப்போது ஜன்னலோரக் கட்டிலில் தூங்குகிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, குறட்டை வருகிறது. 22 வருஷமாக நான் குறை சொல்லிக்கொண்டே இருந்த குறட்டை. இன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவர் எழுந்தால் மாத்திரை, கஞ்சி என்று வேலை தொடங்கிவிடும். அதற்குள் இந்த மடலை எழுதி முடிக்க வேண்டும்.

என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ராத்திரி 2 மணிக்கு என் செய்தியைப் பார்த்துப் பதறி எழுந்தவர்கள்தானே நீங்கள். அதை மறுபடி எழுத மனசு வரவில்லை.

திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் அனுப்பியவர்களுக்கு நன்றி. இங்கே பாங்காக்கில் ஆன்ரி டூனாண்ட் சாலை ரத்த மையத்தில் வரிசையில் நின்றவர்களுக்கும், மஹேசக் சாலையில் என் மேசையில் கிடந்த ரத்தினக் கற்களையும் தங்கள் வேலையோடு சேர்த்துத் தரம் பிரித்துக் கொடுத்த தோழர்களுக்கும், "கடை எங்கேயும் போகாது, நீ பார்க்கவேண்டியதைப் பார்" என்று சொன்ன முதலாளிக்கும், புரிராமிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரியில் என்னால் போட முடியாத கையெழுத்தைப் போட்ட என்னவருடைய அக்காவுக்கும், சீலோம் மாரியம்மனிடம் அர்ச்சனை செய்து குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த அண்ணனுக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவேன்.

ஆனால் இந்த மடலில் ஒருவரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் இப்படி எழுதுகிறேன் என்பதும் தெரியாது. எங்களுக்கு அவர் ஐஸ் லுங். லுங் என்றால் தாய்லாந்து மொழியில் பெரியப்பா.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் சோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோய் என்றால் சந்து. பாங்காக்கில் சுரவோங் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் அந்தச் சந்துக்கு சோய் பிரதூசாய் என்று பெயர். ஆனால் எல்லோரும் சோய் ட்விலைட் என்றுதான் சொல்வோம். அந்த நாட்களில் பகலில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. இழுத்து மூடிய கதவுகள், காய்கிற துடைப்பம், படுத்துக் கிடக்கும் பூனை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும். இரண்டு பக்கமும் ஆணை விரும்பும் ஆண்களுக்கான கே பார்கள். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். டிக்ஸ் கஃபேயின் வெளி நாற்காலிகளில் வெள்ளைக்காரக் கிழவர்கள் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலை செய்த பையன்களில் நிறையப் பேர் தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கும் ஈசான் பக்கத்து நெல் வயல்களிலிருந்து வந்தவர்கள். மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்பியாக வேண்டும். அங்கே எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். இடுப்பில் எண் அட்டை குத்திக்கொண்டு மேடையில் நிற்பது லேசான பிழைப்பு இல்லை. ஆனால் நாங்கள் யார் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிராத இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான் இருந்தது.

நான் திருச்சிப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தவன். 2001-இல் இங்கே வேலைக்கு வந்தேன். கல் வியாபாரத் தெருக்களிலிருந்து சுரவோங் நடக்கிற தூரம். ஆனாலும் அந்தச் சந்துக்குள் காலெடுத்து வைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. 2003 விஜயதசமி ராத்திரி சீலோம் சாலையை அடைத்துவிட்டு அம்மன் ஊர்வலம் போனது. 19-ஆம் நூற்றாண்டில் நம் ஆட்கள் கட்டிய கோவில் அது. இங்குள்ளவர்கள் வாட் கேக் என்பார்கள். வழி நெடுக மேசை போட்டு, செவ்வந்தி மாலை சார்த்தி, தேங்காயைக் குவித்து வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் செருப்பில்லாமல் நின்ற ஒருவர், "உங்கள் ஊரில் இந்த அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். சமயபுரத்தாள் என்றேன். அவர் வாயில் அது "சமயபுலத்தா" என்று வந்தது. சோயில் ஒரு பாரில் கல்லாவுக்குப் பின்னால் நின்று கிளாஸ் துடைப்பவர். அன்றைக்கு அவர் பின்னாலேயே போனவன்தான்.

அந்த பார்களுக்கெல்லாம் ஐஸ் கொண்டுவந்து போட்டவர் லுங். அவரும் ஈசான்காரர்தான், ஊரில் மனைவியும் மூன்று பெண்களும் இருந்தார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குத் தள்ளுவண்டி சோய் முனையில் திரும்பும் சத்தம் கேட்கும். வெள்ளைச் சாக்குகளில் குழாய் ஐஸ், தனியாக ஒரு சாக்கில் தூள் ஐஸ். எந்த பாருக்கு எத்தனை மூட்டை என்று அவரிடம் நோட்டு எதுவும் கிடையாது. எல்லாம் தலைக்குள்தான். இறக்கி வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்து ஒரே கேள்வி கேட்பார், ஈசான் பேச்சில்: "கின் காவ் லேவ் போ?" சாப்பிட்டாச்சா? நம் ஊரிலும் அதைத்தானே முதலில் கேட்போம். மேடையில் ஆடுகிற பையனைக் கேட்பார், மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும் கதெய் அக்காவை, அதாவது திருநங்கையை, கேட்பார், முதலாளியையும் கேட்பார். யாருக்கும் குரல் மாறாது.

2001-க்குப் பிறகு பிரதமர் தக்‌ஷின் அரசு "சமூக ஒழுங்கு" என்று ஒரு நடவடிக்கை எடுத்தபோது நடந்த சோதனைகளை லுங் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நடு ராத்திரியில் விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, அடையாள அட்டை பார்த்து, கோப்பையைக் கொடுத்துச் சிறுநீர் எடுத்து வரச் சொல்வார்களாம். அந்த ராத்திரிகளில் தன் ஐஸ் யாரும் தொடாமல் உருகிச் சாக்கடையில் ஓடியதைப் பற்றித்தான் லுங் பேசுவார். பையன்கள் அழுததைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

2019-இல் சோயின் குத்தகையை நீட்டிக்கவில்லை. எல்லோரும் காலி செய்ய வேண்டியதாயிற்று. சில பார்கள் பக்கத்தில் பட்பொங் பக்கம் போயின, சில மூடியே விட்டன. அப்புறம் சோயை இடித்தார்கள். அடுத்த வருஷம் கொரோனா வந்து மிச்சமிருந்தவர்களையும் ஊருக்கு அனுப்பியது. லுங்கை நாங்கள் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தார், யார் சொன்னார்கள், எனக்கு இன்னும் தெரியாது.

அன்றைக்கு ஆறாவது நாள். கண் விழித்த பிறகும் என்னவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். "தெரிந்ததைப் பேசிக்கொண்டே இருங்கள்" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நானும் பேசினேன். எனக்குத் தெரிந்த தாய்லாந்து மொழி கடைத்தெரு மொழி, காரட் கணக்கும் விலையும் பேச உதவும். இரண்டு நாளில் பேச்சு தீர்ந்துவிட்டது. தமிழில் பேசினேன், பாட்டுக்கூடப் பாடினேன். சுவரைப் பார்த்த முகம் திரும்பவே இல்லை.

நாலு மணி வாக்கில் லுங் உள்ளே வந்தார். தொப்பி கையில் இருந்தது. பழம், பூ எதுவும் கொண்டுவரவில்லை. தலை முழுக்க வெளுத்திருந்தது. எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கின் காவ் லேவ் போ?" என்றார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்புறம், யாரிடமோ கணக்கு ஒப்பிப்பது மாதிரி ஆரம்பித்தார்.

"இடது பக்கம் முதல் கடை. மூணு மூட்டை."

அவருடைய வலது கை தோளிலிருந்து இறங்கிக் கட்டில் ஓரம் வரை வந்தது, வண்டியிலிருந்து இறக்குகிற மாதிரியே. "எதிர்க் கடை. ரெண்டு." மறுபடி கை இறங்கியது. ட்ரீம் பாய், ஹாட் மேல், எக்ஸ் சைஸ். ஆறு வருஷமாக யாரும் என் காதுபடச் சொல்லாத பெயர்கள். டிக்ஸ் கஃபேவுக்குத் தூள் ஐஸ் தனி என்று விரலை ஆட்டினார். நடுவில் பப்பாளி சாலட் இடிக்கிற பாட்டிக்கு இலவசமாக ஒரு கை ஐஸ். அவசரமே இல்லை. ஒவ்வொரு கடைக்கும் எவ்வளவு நடக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் விட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டிச் சக்கரத்தின் கிறீச்சும் ஈரச் சிமென்ட்டின் வாடையும் எனக்கு வந்துவிட்டன.

என்னவர் வேலை செய்த பாருக்கு வந்தார். "இங்கே மூணு."

கை இறங்கியது. அடுத்த கடைக்கு நடக்கிற நேரம் கழிந்தது.

"வன் சாவ்... ஸீ."

சனிக்கிழமை நாலு. சுவர்ப் பக்கமிருந்து வந்த குரல். காய்ந்து போன, பாதி காற்றாக வந்த குரல்.

நான் எழுந்துவிட்டேன். லுங் என் பக்கம் திரும்பவில்லை, நாற்காலியை விட்டு அசையவும் இல்லை. "ஆமாம், சனிக்கிழமை நாலு" என்று ஒத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். சோய் முடிகிற வரை எல்லாக் கடைக்கும் போட்டார். அதற்குப் பிறகுதான் எழுந்து, "நாளைக்கும் வர்றேன்" என்றார்.

வந்தார். பதினொரு நாள், தினமும் நாலு மணிக்கு. ஒவ்வொரு நாளும் சோய் முனையிலிருந்தே ஆரம்பம். ஒவ்வொரு நாளும் எங்கேயாவது ஒரு மூட்டை குறையும் அல்லது ஒரு கடை விட்டுப்போகும், என்னவர் அதைத் திருத்துவார். முதலில் ஒற்றைச் சொல், பிறகு அரை வாக்கியம், பிறகு சண்டையே. ஒருநாள் வராந்தாவில் அவரைப் பிடித்துக் கேட்டேன்: "லுங், வேண்டுமென்றேதானே தப்பாகச் சொன்னீர்கள்?" தொப்பியைப் போட்டுக்கொண்டு, "சனிக்கிழமையை யாராவது மறப்பார்களா?" என்றார். பஸ்ஸுக்குக்கூடக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து இரண்டு விஷயம் முடிவு செய்தேன். 2025 ஜனவரி 23 முதல் இந்த நாட்டில் ஆணும் ஆணும் திருமணம் பதியலாம். முதல் நாளே நாடு முழுக்க 1,800-க்கும் மேற்பட்ட இணைகள் பதிந்தார்கள். நாங்கள் என் பக்கத்துக் காகிதங்கள் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். கையெழுத்துப் போட முடியாமல் அந்த ராத்திரி வராந்தாவில் நின்றவன் நான். இனி ஒரு மாதம்கூடத் தள்ளமாட்டேன். என்னவர் நடக்க ஆரம்பித்ததும் பாங் ராக் மாவட்ட அலுவலகத்துக்குப் போவோம். சுரவோங் சாலை அந்த மாவட்டத்தில்தான் வருகிறது. சாட்சிக் கையெழுத்து லுங்கினுடையது.

இரண்டாவது, ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கம் என்னவர் இடது கையால் சோயை வரைந்திருக்கிறார். இரண்டு கோணல் கோடு, நடுவில் கட்டங்கள், கட்டத்துக்குள் மூட்டைக் கணக்கு. அதைப் பெரிதாக்கி நோட்டில் எழுதப்போகிறேன். எந்தக் கடை, யார் யார் வேலை செய்தார்கள், எந்த ஊர்க்காரர்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்கள் இரண்டு பேரும் சொல்லச் சொல்ல.

லுங் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வலது பக்கம் மூன்றாவது கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. தையல் கடை என்கிறார் லுங், அது எதிர்ப் பக்கம் என்கிறார் என்னவர். உங்களில் அந்தச் சந்தில் நடந்த யாருக்காவது ஞாபகம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

குறட்டை நின்றுவிட்டது. எழுந்துவிட்டார் போல. கஞ்சியைச் சூடு பண்ணப் போகிறேன்.