எதிர்வாசல் டீக்கடை அண்ணனுக்கு

வெள்ளத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, ஊருக்கே தெரியும். இன்று காலை ரவுண்ட்ஸில் அறுவை சிகிச்சை வார்டின் கடைசி இரண்டு பேருக்கும் டிஸ்சார்ஜ் எழுதியாயிற்று. ஒருவருக்கும் நிமோனியா வரவில்லை.

அண்ணே, நீங்கள் டீ கொடுக்கத்தான் வந்தீர்கள். துணைக்கு ஆள் வந்து சேர முடியாத பெரியவர்கள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். வயிற்றில் தையல் போட்டவர் வலிக்குப் பயந்து அரை மூச்சுதான் விடுவார், இருமலையும் அடக்குவார். நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கும், சளி தேங்கும், காய்ச்சல் வரும். அதற்குத்தான் அந்த மூன்று பந்து ஸ்பைரோமீட்டர், மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை ஏற்றும் பயிற்சிக் கருவி: நிமிர்ந்து உட்கார்ந்து, விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை. பலர் அதை ஊதிப் பார்ப்பார்கள். பந்து அசையாது, மூலையில் வைத்துவிடுவார்கள். “ஊதாதீங்கய்யா, இளநி உறிஞ்சற மாதிரி இழுங்க” என்றீர்களே, இனி நாங்களும் அப்படித்தான் சொல்லப் போகிறோம். பந்து ஏறியதும் மூன்று எண்ணினீர்கள். தலை சுற்றாமலிருக்க இடையிடையே ஓய்வு கொடுத்தீர்கள். இருமல் வந்தால் தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடிக்க வைத்தீர்கள்.

எல்லாம் உங்களால்தான் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். மருந்தும் உண்டு, நடக்க வைத்ததும் உண்டு. ஆனால் பயம் தணியாத உடம்பில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறியே நிற்கும். சர்க்கரையைக் கூட்டும், புண் ஆற முதல் சில நாள் வேண்டிய அழற்சியை அமுக்கிவிடும். 1995-ல் வெளியான ஓஹாயோ ஆய்வொன்றில், மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரித்தவர்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் புண் ஒன்றை உண்டாக்கிப் பார்த்தார்கள். அது ஆற மற்றவர்களைவிட ஒன்பது நாள் கூடுதலாயிற்று. படித்ததுதான். படித்துவிட்டு வார்டு சுவரில் நாங்கள் ஒட்டி வைத்திருந்தது ‘பார்வையாளர் நேரம் 4 முதல் 6’ என்ற தாளை.

பெட்ஷீட் உலர்த்தித் தந்தவர்கள், பால் பாக்கெட் சுமந்த பிள்ளைகள், பக்கத்து பெட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அக்காமார், வீடு வீடாகப் போய் மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் எடுத்து வந்த ஆட்டோக்காரர்கள், எல்லோருக்கும் நன்றி. (கண்ணும் காதும் தெளியாவிட்டால் ராத்திரியில் பெரியவர்களுக்குப் பிதற்றல் கூடும். சின்ன உதவியில்லை அது.)

தாளைக் கிழித்தாயிற்று. இனி அட்மிஷன் அன்றே கேஸ் ஷீட்டில் ஒரு வரி: ‘கூட இருப்பது யார்?’ யாருமில்லை என்றால் அந்த பெட் நர்ஸ் ஸ்டேஷன் பக்கத்துக்கு வரும், மணிக்கொரு தரம் பந்து எண்ண ஆளும் போடப்படும்.

உங்கள் ஃபிளாஸ்க் எங்களிடம்தான் இருக்கிறது அண்ணே. மூடியை மட்டும் இன்னும் தேடுகிறோம்.

— அறுவை சிகிச்சை வார்டு செவிலியர்கள், பிசியோதெரபி பிரிவினர்