உன் ரிசப்ஷனில் பறந்த புறா

கும்பகோணம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். போனில் சொல்லியிருப்பேன், மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போய்விடும்.

வீடியோ காலில் “என்னப்பா சத்தம்?” என்று கேட்டாயே, யாரோ கொடுத்த புறா என்று மழுப்பினேன். உன் ரிசப்ஷனில் நீங்கள் பறக்கவிட்ட இரண்டில் ஒன்று அது.

மூன்றாம் நாள் வாடகைப் பாத்திரக் கணக்கு முடிக்க மண்டபத்துக்குப் போனேன். ஜெனரேட்டர் ரூம் சன்ஷேடில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. எதிர் வேப்பமரத்தில் நாலைந்து காக்கைகள். ஏணி போட்டுத் துண்டைப் போர்த்தி எடுத்தேன், திமிறக்கூட இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி விரலில் உறுத்தியது. தீனிப்பை காலி.

அட்டைப்பெட்டியில் விட்டு முதலில் தண்ணீர் வைத்தேன். கோழி போல இது அண்ணாந்து விழுங்காது, தெரியுமா? மூக்கை முக்கி மாடு மாதிரி உறிஞ்சும். ஒரு தடவை மூக்கைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினேன், அப்புறம் கிண்ணத்தை விட்டுத் தலையை எடுக்கவே இல்லை. பிறகுதான் கம்பும் தினையும்.

மொட்டை மாடியில் ஹோமர், அதாவது தூரத்தில் விட்டாலும் வீடு திரும்பும் ஜாதிப் புறா, வளர்க்கும் பக்கத்துத் தெருப் பையன் வந்து பார்த்தான். “பெரியப்பா, இது ஹோமர் இல்லை. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த சின்ன ஜாதி. வீடு திரும்பவும் தெரியாது, இரை தேடவும் தெரியாது. இந்த வெள்ளை நிறம் வல்லூறுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும்” என்றான். “தானா திரும்பி வந்துடும் சார்” என்று சொல்லித்தான் டெக்கரேஷன்காரர் பணம் வாங்கினார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கொடுத்தவன் நான்.

மற்றதையும் தேடினேன். மண்டபத்துக்குப் பின்னால் அரசலாற்றுக் கரையில் கொஞ்சம் வெள்ளை இறகு கிடந்தது. கொக்கு இறகாகவும் இருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 1988 சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் விட்ட புறாக்களில் சில ஜோதிக் கொப்பரையில் போய் உட்கார்ந்து, தீ ஏற்றியபோது கருகின. 2014 ஜனவரியில் போப்பின் ஜன்னலிலிருந்து குழந்தைகள் விட்ட இரண்டு புறாக்களைக் கூட்டம் பார்த்திருக்கையிலேயே ஒரு கடற்காகமும் ஒரு காக்கையும் துரத்தித் தாக்கின.

அம்மா என்னைச் சிபிச் சக்கரவர்த்தி என்று கிண்டல் செய்கிறாள். சோழ ராஜாவுக்குத் தொடைக்கறியோடு போயிற்று. தினம் எச்சம் கழுவும் வேலை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் நாத்தனார் கல்யாணத்துக்கும் புறா சொல்லியிருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். சம்பந்தி வீட்டு விஷயத்தில் நான் வாய் திறந்தால் நன்றாயிருக்காது. நீ சமயம் பார்த்துச் சொல், என் பேரை எடுக்காதே. அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள் என்றால், கூண்டோடு வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே திருப்பி அனுப்பிவிடட்டும்.

இப்போதும் கூவிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம், இந்த ஜாதிக்கே அப்படி ஒரு குரல். தன்னைத்தான் கேலி செய்கிறது என்கிறாள் அம்மா. கம்பு தீர்ந்துவிட்டது, கடை மூடுவதற்குள் போய் வர வேண்டும்.

அன்புடன்,
அப்பா