வெட்டு பிரிண்டில் இருக்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அந்தக் கால அமெரிக்க போட்டோகிராபர் நெப்போலியன் சரோனியின் படங்கள் என்று நீ அனுப்பியவையும் அவற்றோடு வந்த நான்கு வரியும் கிடைத்தன. அந்த நான்கில் மூன்று வரி வேலையைப் பற்றி, ஒரு வரி 'நலம்'. வேலையில் சந்தேகம் வந்தால்தான் அப்பா ஞாபகம் வருகிறது. சரி, அதற்காவது வந்ததே.

ரிஜிஸ்டரில் பெயரும் நம்பரும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது என்று நீ கேட்டதற்கு முதலில் பதில். ஸ்டுடியோ ரிஜிஸ்டரில் பெயரைவிட நம்பரை நம்பு. பழைய ஸ்டுடியோக்கள் பலவற்றில் வழக்கம் இதுதான்: நெகட்டிவின் ஓரத்தில் கீறிய நம்பர்தான் கவர் மேலும் இருக்கும், ரிஜிஸ்டரிலும் இருக்கும். நாடகக்காரர்கள் பெயரை மாற்றிக்கொள்வார்கள், கம்பெனி மாறுவார்கள், வயதைக் குறைத்துச் சொல்வார்கள். நம்பர் மாறாது. நம் ரிஜிஸ்டரையே பார், பாதி இடத்தில் 'ராஜபார்ட், கத்தியோடு', 'ஸ்திரீபார்ட், உட்கார்ந்தது' என்றுதான் இருக்கும். பச்சை ரிஜிஸ்டர் கதைதான் உனக்கே தெரியுமே. அம்மா மட்டும் அன்று நம்பர் போட்டு வைத்திருக்காவிட்டால் சித்தப்பா சொன்னதுதான் உண்மை என்று ஆகியிருக்கும்.

சரோனியைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகள் யாருடைய படங்களை அடுக்கி வைக்கிறாள் தெரியுமா என்று கடையில் ஒருவரைப் பிடித்துவைத்து அரை மணி நேரம் சொன்னேன். 1821இல் கியூபெக்கில் பிறந்தவர், முதலில் லித்தோ, அதாவது கல்லச்சு, வேலை செய்தவர், அப்புறம் நியூயார்க்கில் யூனியன் ஸ்கொயரில் 37ஆம் எண் கட்டிடத்தில் ஸ்டுடியோ. நாடக உலகத்தில் அவர் கேமரா முன்னால் நிற்காத ஆளைத் தேடத்தான் வேண்டும். பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்டு 1880இல் அமெரிக்கா வந்தபோது அவரிடம் போனார். எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்த மனிதர் பெரும்பாலும் கேமராவைத் தொடுவதே இல்லை. அதற்கு ரிச்சர்ட்சன் என்று ஓர் ஆள். இவர் பக்கத்தில் நின்று கையைத் திருப்புவார், துணியை இழுத்துவிடுவார், பேச்சுக் கொடுத்து முகத்தை மாற்றுவார். ஸ்டுடியோவில் பாடம் செய்த முதலை, எகிப்திய மம்மி என்று ஒரு சந்தையே வைத்திருந்தாராம். நம்மிடம் இருந்தது மாடிப்படி வரைந்த ஒரே ஒரு சீனரி. அதிலும் கீழ்ப்படி மங்கிப்போனது.

எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் படம் பற்றிய வழக்கை நீ விரிவாக எழுதியிருக்க வேண்டாம், அது எனக்குத் தெரியும். 1882 ஜனவரியில் சரோனி அவரை எடுத்த படம், '18ஆம் எண்'. ஒரு லித்தோ கம்பெனி கேட்காமல் 85,000 பிரதி அடித்துவிட்டது. வழக்கு வந்ததும், போட்டோ என்பது இயந்திரம் செய்கிற வேலைதானே, அதற்கு எப்படி உரிமையாளர் இருக்க முடியும் என்று வாதம். 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சரோனி பக்கம் நின்றது. உட்காரவைத்த விதம், உடை, திரை, வெளிச்சம், நிழல், முகபாவம் எல்லாம் அவர் மனதில் இருந்து வந்தவை, ஆகவே அவர்தான் ஆசிரியர் என்றது. பெயரை முழுதாகப் போடாமல் 'என். சரோனி' என்று போட்டது செல்லாது என்று எதிர்த்தரப்பு கிளப்பியதையும் தள்ளிவிட்டது. கிடைத்தது 610 டாலர்தான். ஆனால் பட்டனை அமுக்குகிறவன் என்று எங்களைச் சொல்கிறவர்களுக்கு 140 வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. நீ வக்கீலுக்குப் படித்திருக்கலாம் என்று அப்போதே சொன்னேன், கேட்டாயா?

ஒரு சின்ன விஷயம். உன் போனில் புதிதாக வைத்திருக்கும் படத்தைப் பார்த்தேன். வெட்டு சரியில்லை. இடது ஓரத்தில் ஒரு நீலச் சட்டையின் தோள் கொஞ்சம் நிற்கிறது. தொழில் தெரிந்தவள் இப்படி வெட்டமாட்டாள். அவசரத்தில் செய்திருப்பாய். நான் வேறொன்றும் கேட்கவில்லை, வேலையைப் பற்றித்தான் சொல்கிறேன். எதை வெட்டினாலும் பிரிண்டில் வெட்டு, நெகட்டிவை வெட்டாதே. முழுப் படம் எங்காவது இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்காதே. கண் போனால் இந்தத் தொழிலில் ஒன்றுமில்லை.

ஏடா மென்கன் என்ற நடிகையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள், உன் கோப்புகளில் இருக்கிறதா பார். தன்னை யாருமே சரியாக எடுக்கவில்லை என்று அவளுக்குக் குறை. எப்படி நிற்பது என்பதை நானே தீர்மானிப்பேன் என்றாளாம். சரோனி ஒத்துக்கொண்டு, அதே அளவு படம் நான் சொல்கிறபடியும் நில் என்றாராம். பிறகு அவள் சொன்ன நிலைகளில் எடுத்த படங்களை முதலில் காட்டியிருக்கிறார். எல்லாமே மோசம் என்றாளாம். அவர் நிறுத்தி எடுத்தவற்றைப் பார்த்ததும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம். நீயும் அந்த ரகம்தான், சின்ன வயதிலிருந்தே. குரூப் போட்டோவில் எங்கே நிற்பது என்று நீயேதான் முடிவு செய்வாய், நான் சொன்னால் அழுவாய். கேமராக்காரன் வெளியே நிற்பதால் அவனுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தில் மாப்பிள்ளைக்கென்று தனியாக எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றால் சொல், அடுத்ததில் எழுதுகிறேன். போனில் அவர் குரல் கேட்டு நாளாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். பேச்சுவாக்கில் சொன்னதுதான். அந்த நீலச் சட்டை நாங்கள் எடுத்துக் கொடுத்ததோ என்றும் கேட்டாள். வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியும் என்று சொல்லிவைத்தேன்.

இங்கே எல்லோரும் நலம். மாடி அறையை ஒழுங்குபடுத்தியாகிவிட்டது, நெகட்டிவ் பெட்டிகளை என் அறைக்கு மாற்றிவிட்டேன். ரிஜிஸ்டர்களை ஸ்கேன் செய்ய நீ வருவதாகச் சொல்லியிருந்தாயே, எப்போது வந்தாலும் சரி. டிக்கெட் போட்டதும் சொல். ஒரு டிக்கெட்தான் போட்டாய் என்றாலும் சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளது விரிசல் விடும். நிறுத்திவை. உங்கள் ஆபீசில் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்.